ஒரு மண்டலம் விளக்கெண்ணெய்

போன மாதம் பட்டறையில் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். சந்தன மாலை, பன்னீர் சோடா, ஒரு கைக்கடிகாரம். வேலையில் இருந்தவரை ஒரு நாள்கூட நேரத்துக்கு வீட்டுக்கு விடாதவர்கள், வேலை முடிந்த பிறகு மணி பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிகாரம் கொடுத்தார்கள். ஃபோர்மேன் ராமலிங்கம் பேச எழுந்தான். என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன். நல்லவன்தான், கையில் மைக் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் கெட்டுப்போவான்.

"நம்ம சவரிமுத்து அண்ணன் எத்தினியோ வண்டிக்கு ஆயில் மாத்தியிருக்காரு. ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் ஊத்த மறந்துட்டாரு. அது யாரு வண்டின்னு பாகூர்ல போயி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டது. மறுநாள் ராமலிங்கம் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இன்னாண்ணே, கோவமா? சங்கத்து மலர் வருது. அந்தக் கதைய நீயே எழுதிக் குடுத்துடேன்."

எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவன் எதிர்பார்க்கிற கதை இது இல்லை.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் கிடையாது. நான் பாகூர்க்காரன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரியில் ஒரு மோட்டார் பட்டறையில் நான்கு வருஷம் இருந்தேன். முதல் வருஷம் தரை பெருக்கினேன், இரண்டாம் வருஷம் திட்டு வாங்கினேன், மூன்றாம் வருஷம் வண்டிக்கு அடியில் படுத்தேன், நான்காம் வருஷம் வண்டிக்குள் உட்கார்ந்தேன். அங்கே நான் கற்ற பிரெஞ்சு ஸ்பானர் அளவோடு முடிந்துபோயிற்று. மராமத்து இலாகா துரையிடம் வண்டி ஓட்டிக் காட்டி பெர்மி வாங்கினேன். டிரைவர் லைசென்சை அப்போது பெர்மி என்போம். எங்கள் தெருவில் சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். வண்டி ஓட்டாத நேரமெல்லாம் என் அம்மா அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பாகூர் மிராசுதார் என்னை டிரைவராக வைத்துக்கொண்டார். ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்புமாகப் பரந்து கிடந்த நிலமெல்லாம் அவருடையது. என் அப்பா அந்த நிலத்தில் வேலை செய்தவர். எங்கள் குடிசை நின்ற இடமும் அவருடையதுதான். அவருக்குப் பிரெஞ்சு தெரியும், சோதிடம் தெரியும், நாட்டு வைத்தியம் தெரியும். தெரியாதது எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

கார் பிரெஞ்சு தேசத்துக் கார். கறுப்பு நிறம், முன்னால் இரண்டு பெரிய விளக்கு. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கக் கூடாது. ஆனால் காரில் நான் முன்னால் உட்காருவேன், அவர் பின்னால் உட்காருவார். இது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் என்னைப் பின்னால் உட்கார்ந்து ஓட்ட முடியுமா என்றுகூடக் கேட்டார்.

முதலில் எண்ணெய் மாற்ற வண்டியை ஊருக்குள், அதாவது புதுச்சேரிக்குத்தான், கொண்டுபோவோம். ஒரு நாள் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அந்தப் பட்டறைக்காரன் பழைய எண்ணெயையே வடிகட்டி ஊத்துறான்டா சவரி. இனிமே நம்ம வூட்டுலயே, என் கண்ணு முன்னாலயே மாத்து."

அப்படித்தான் அந்தக் கொம்யூனிலேயே, அதாவது பாகூர் வட்டாரத்திலேயே, முதல் முறையாக ஒரு காருக்கு வீட்டில் எண்ணெய் மாற்றும் வழக்கம் தொடங்கியது. ஜாக்கியை நம்பி அடியில் போக எனக்குப் பயம். அதனால் நெல் அடிக்கும் களத்தின் ஓரத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வாய்க்கால் மாதிரிக் குழி வெட்டினேன். இரு பக்கமும் பனஞ்சட்டம் பதித்து அதன் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவேன்.

எண்ணெய் சூடாக இருக்கும்போதுதான் இறக்க வேண்டும். ஆறிய எண்ணெய் அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கிவரும். ஆகவே ஏரிக்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்ததும் உடனே குழிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆனால் மிராசுதார் பஞ்சாங்கம் பார்ப்பார். "இப்ப ராகு காலம். ஒண்ணரை மணி நேரம் போவட்டும்." ஒன்றரை மணி நேரத்தில் எண்ணெய் ஆறிவிடும். மறுபடியும் ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய் வருவேன். ஒரு தடவை எமகண்டமும் சேர்ந்துகொண்டதில் ஒரே நாளில் மூன்று முறை போய்வந்தேன். ஏரிக்கரையில் துணி துவைக்கிறவர்கள், மிராசுதாருக்குப் புத்தி ஏதோ கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும். அதை முதலில் ஸ்பானரால் ஒரு சுற்று தளர்த்திவிட்டு, பிறகு விரலால் திருக வேண்டும். திருகும்போது மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வர வேண்டும். கடைசி மரை கழன்றது கைக்குத் தெரியும். அந்தக் கணத்தில் சட்டென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் முழங்கை வரை வெந்துபோகும். எண்ணெய் கயிறாக விழுந்து, நூலாக மெலிந்து, பிறகு சொட்டாக மாறும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் ஒன்றை முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு சல்லடை. இன்றைக்கு ராமலிங்கம் காகித ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுகிறான். அன்று அது பித்தளைக் கம்பி வலை. கிருஷ்ணாயிலில் ஊறவைத்து, குதிரை மயிர் பிரஷால் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதையேதான் மாட்ட வேண்டும். பழந்துணியால் துடைக்கவே கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளும். போல்ட்டுக்கு அடியில் போடுகிற செம்பு வளையத்தை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுப்பேன். அப்போதுதான் அது மிருதுவாகி ஒழுகாமல் உட்காரும்.

இவ்வளவும் நான் குழிக்குள் செய்துகொண்டிருக்க, மிராசுதார் சாய்வு நாற்காலியைக் களத்துக்கே கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். காரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். நான் போல்ட்டைக் கழற்றி முடித்த பிறகு, "இப்ப போல்ட்டக் கழட்டணும்" என்பார். "கழட்டிட்டேங்க எஜமான்" என்றால், "நான் சொல்றதுக்கு முன்ன ஏன்டா கழட்டினே?" என்பார். ஆகவே கழற்றியதை மறுபடி மாட்டி, அவர் சொன்ன பிறகு கழற்றுவதும் உண்டு.

பழைய எண்ணெய்க்கு ஒரு கூட்டமே வரும். கதவுக் கீலுக்கு, ஏற்றத்து அச்சுக்கு, உத்தரத்துக் கரையானுக்கு என்று ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோடு நிற்பார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே ஒரு கரண்டி விடுவார். வாங்கியவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கோயில் தர்மகர்த்தாவாகவும் இருந்தவர் என்பதால் அவருக்குக் கை பழகியிருந்தது.

இப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். அந்தக் கோடையில் வண்டி சூடேற ஆரம்பித்தது. அரியாங்குப்பம் போவதற்குள் முன்பக்கம் ஆவி பறக்கும். காரணம் எனக்குத் தெரியும். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், ஏரித் தண்ணீர்தான் பரிசுத்தம் என்று அவர் சொல்லியிருந்தார். பரிசுத்தத்தோடு சேர்ந்து வந்த சேறு குழாய்களில் அடைத்துக்கொண்டது. சொன்னேன்.

"தண்ணி வெளியில ஓடுதுடா. சூடு உள்ள இருக்குது" என்றார். எழுந்து வந்து, எஞ்சின் மூடியின் மேல் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்த்தார். நான் இதைச் சோடித்துச் சொல்லவில்லை. மூன்று விரல், மூடிய கண். "பித்தம்" என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

உடம்புச் சூட்டுக்கு உச்சியிலும் உள்ளங்காலிலும் விளக்கெண்ணெய் தேய்ப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். மனிதனுக்குக் குளிர்ச்சி தருவது காருக்கு மட்டும் ஏன் தராது என்பது அவருடைய வாதம். சனிக்கிழமைதோறும் ஓர் ஆழாக்கு எண்ணெய்த் தொட்டியில் ஊற்ற வேண்டும், ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள். நடுவில் விடக் கூடாது.

"எஜமான், அது இதோட சேராதுங்க. பட்டறையிலயே சொல்லுவாங்க. கலந்தா கோந்து மாதிரி ஆயிடும், சல்லடைய அடைச்சிடும்."

"எண்ணெயும் எண்ணெயும் சேராதாடா? நான் இன்னா தண்ணியவா கலக்கச் சொன்னேன்?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குரலைத் தணித்து, எங்கள் தெரு இருக்கிற திசையைப் பார்த்தார்.

"உங்கப்பன் எப்படி இருக்கான்? கூர ஒழுவுதுன்னானே. அந்த மனை இன்னும் என் பேர்லதான இருக்குது?"

எஜமானியம்மா சொம்பில் எண்ணெயோடு வந்து, என் கை பட்டுவிடாத உயரத்திலிருந்து என் தகர டப்பாவில் ஊற்றினார்கள். நான் அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். என் கையால்தான் ஊற்றினேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்குள் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிற முள் ஒன்று உண்டு. முதல் சனிக்கிழமை அது நிமிர்ந்து நின்றது. மூன்றாவது சனிக்கிழமை பாதிக்கு வந்துவிட்டது. ஐந்தாவதற்குப் பிறகு, வண்டியை முடுக்கினால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

"எஜமான், முள்ளு எறங்குது. ஒரே ஒரு தபா தொட்டியத் தொறந்து சல்லடையக் கழுவிடறேனே."

"மண்டலம் முடியட்டும்டா. பாதியில நிறுத்தினா மருந்து திருப்பிக்கும்."

மருந்து அதற்குள் திருப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆறாவது சனிக்கிழமைக்கு மறுவாரம் மராமத்து இலாகா துரை, எனக்கு பெர்மி கொடுத்த அதே வெள்ளைக்காரர், பாகூர் ரோட்டைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. தம் கரும்புத் தோட்டம் வரை கப்பி ரோடு போடவைக்க வேண்டும் என்பது மிராசுதாரின் நெடுநாள் ஆசை. துரையை அரியாங்குப்பத்திலிருந்து தம் காரிலேயே அழைத்துவர அனுமதி வாங்கிவிட்டார். காருக்குப் பூமாலை கட்டினார்கள்.

போகும்போது எப்படியோ போய்விட்டது. திரும்பும்போது பின்னால் துரையும் மிராசுதாரும், முன்னால் என் பக்கத்தில் துரையின் பியூன். தவளக்குப்பம் தாண்டியதும் முள் பூச்சியத்தில் விழுந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து மிராசுதார் என் தோளில் குடைக் காம்பால் குத்தினார். "நிறுத்தாத. துரை இருக்காரு." எஞ்சினுக்குள் யாரோ உலக்கை போடுவது போலச் சத்தம் கேட்டது. "ஓட்டு, ஓட்டு" என்றார். கிருமாம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு பெரிய சத்தத்தோடு எல்லாம் நின்றது. அதற்கப்புறம் வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் சுற்றவே முடியவில்லை. எஞ்சின் இறுகிவிட்டது.

துரை இறங்கிக் கேள்வி கேட்டார். மிராசுதார் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "இன்னாடா, ஆயில் ஊத்தினியா?"

"ஊத்தினேங்க எஜமான். நீங்க குடுத்த வெளக்கெண்ணெயயும் ஆறு வாரமா ஊத்தினேங்க."

அவர் துரை பக்கம் திரும்பி, அழகாகக் கையைக் காட்டி, பிரெஞ்சில் ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். துரை என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். பெர்மியைக் கேட்கிறார் என்று புரிந்தது. எடுத்துக் கொடுத்தேன். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பியூன் என் காதருகே வந்து சொன்னார்:

"இன்னாய்யா நீ, ஆயில் ஊத்த மறந்துட்டேன்னு நீயே ஒத்துக்கினியாமே. திங்கக்கெழம ஆபீசுக்கு வரச் சொல்றாரு."

துரையும் மிராசுதாரும் மிச்ச தூரத்தை வைக்கோல் ஏற்றிவந்த ஒரு கட்டை வண்டியில் போனார்கள். அந்த வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் சாம்பலும் குழைத்த மைதான் போட்டிருந்தது. அது எந்தத் தகராறும் இல்லாமல் உருண்டு போயிற்று. விளக்கெண்ணெய் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

காரை ஒரு ஜோடி மாடு கட்டிக் களத்துக்கு இழுத்துவந்தோம். குழிக்குள் இறங்கி போல்ட்டைக் கழற்றினேன். கையை இழுத்துக்கொள்ள அவசியமே இருக்கவில்லை. ஒன்றும் விழவில்லை. பிறகு வெல்லப்பாகு மாதிரி ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்தது. சல்லடையில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை, அரக்கு பூசினது போல மூடியிருந்தது. நான் அதைக் கழுவவில்லை. ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். அன்று இரவு வீட்டில், மாதா படத்துக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தை அம்மா இரண்டு முறை தொட்டுப் பார்த்ததைக் கவனித்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மைல் நடந்து துரை ஆபீசுக்குப் போனேன். மிராசுதாரும் எனக்கு முன்னாலேயே மாட்டு வண்டியில் வந்து வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். துரைக்குச் சொந்தமாக ஒரு துபாஷி இருந்ததால் இந்த முறை மிராசுதாருடைய மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

துணியைப் பிரித்துச் சல்லடையை மேசை மேல் வைத்தேன். துரை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், புருவத்தைத் தூக்கினார். நான் மண்டலத்தைப் பற்றி, நாடி பார்த்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். துபாஷி சொல்லச் சொல்ல துரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தெம்பு வந்தது. பெர்மி கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

"அப்படியானால் நீ மறக்கவில்லை?" என்று துபாஷி கேட்டார்.

"மறக்கலீங்க."

"இரண்டும் சேராது என்று உனக்குத் தெரியுமா என்று துரை கேட்கிறார்."

இங்கேதான் என் கர்வமே என் காலை வாரிவிட்டது. நான் சாதாரண டிரைவர் இல்லை, தொழில் தெரிந்தவன் என்று துரைக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "மொத நாளே தெரியுங்க. முள்ளு எறங்கினதும் பார்த்தேங்க. இன்னா ஆவும்னு அப்பவே தெரியுங்க."

துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக ஏதோ கேட்டார்.

"தெரிந்தும் ஏன் ஊற்றினாய் என்கிறார். தெரிந்தே அந்த வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டு ஏன் ஓட்டினாய் என்கிறார்."

குடிசையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கூரை ஒழுகுவதை மிராசுதார் விசாரித்த விதத்தைச் சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் வெள்ளை வேட்டி தெரிந்தது. என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எஜமான் சொன்னாரு."

துரை எழுதினார். துபாஷி படித்துச் சொன்னார். மறதிக்காக இல்லை. கெட்டுப்போகும் என்று தெரிந்தே ஊற்றி, தெரிந்தே ஆள் ஏற்றி ஓட்டியதற்காக ஆறு மாதம் பெர்மி கிடையாது. மறுபேச்சுக்கு இடமில்லை. அவர் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சல்லடையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மிராசுதார் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார், நானும் விஷயத்தைச் சொன்னேன். உண்மையிலேயே எனக்காகப் பரிதாபப்பட்டார்.

"பைத்தியக்காரா. மறந்துட்டேன்னு நான் சொன்னதயே நீயும் சொல்லியிருந்தா, போடா கழுதன்னு திட்டிட்டு அப்பவே குடுத்திருப்பானே."

நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அவர் சொன்ன வைத்தியங்களில் பலித்திருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

நான் அவரிடம் திரும்பிப் போகவில்லை. பழைய பட்டறைக்கே போய், ஆறு மாதம் ஊரான் வண்டிச் சல்லடைகளையெல்லாம் கிருஷ்ணாயிலில் கழுவினேன். மிராசுதார் எங்கள் குடிசையில் கை வைக்கவில்லை, கூரைக்கு இரண்டு கட்டுக் கீற்றுகூடக் கொடுத்தனுப்பினார். டிரைவர் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார். பெர்மியைப் பிடுங்கிக்கொண்டதே அதற்குச் சாட்சி ஆகிவிட்டது. வீட்டில் மாற்றினால் டிரைவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்று சொல்லி, எஞ்சின் சரியானதும் எண்ணெய் மாற்ற வண்டியைப் பட்டறைக்கே அனுப்பினார்.

அவர் சொன்னதை நான் ஏன் மறுக்கவில்லை என்று ராமலிங்கம் கேட்பான். பெர்மி திரும்பி வந்ததும் முதல் வேலைக்குப் போன இடத்தில் முதலாளி கேட்டார், "நீதான் ஆயில் ஊத்த மறந்த ஆளா?" ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார். தெரிந்தே ஊற்றியவன் என்று சொல்லியிருந்தால் யார் கொடுப்பார்கள்? அன்று நான் பிடித்துக்கொண்ட பொய் அது. மிராசுதார் ஒரே ஒரு தடவைதான் மொழிபெயர்த்தார், அதற்குப் பிறகு முப்பது வருஷமும் அதையே சொல்லித் திரிந்தவன் நான்தான்.

அதனால் விழாவில் கேலி செய்ததற்காக ராமலிங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மலரில் இதை மட்டும் திருத்திப் போட்டுவிடட்டும், போதும். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால், அந்தத் தகர டப்பாவிலிருந்து விளக்கெண்ணெய் இறங்கிய சத்தம் எனக்கு இந்நேரம் மறந்துபோயிருக்கும்.